அந்த அட்டவணையில் நெரிசலுக்கு ஒரு வரி இல்லை

போன வாரம் ஆளாளுக்குப் பகிர்ந்த அந்த அட்டவணையைப் பற்றித்தான் எழுதுகிறேன். பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். டேட்டா சென்டரில் சர்வர்களை இணைக்கும் ஐந்து ஸ்விட்சுகளின் ஒப்பீடு, ஆறே வரி, பச்சை சிவப்பு வண்ணம், கடைசியில் நட்சத்திர மதிப்பெண். ஒரே கொள்ளளவுள்ள இரண்டு பெட்டிகளில் ஒன்றுக்கு மட்டும் இரண்டு மடங்கு வேகம் எப்படி வந்தது என்று அதன் கீழே கேட்டேன். கிடைத்த பதில்: "பழைய ஆட்கள் எப்போதும் இப்படித்தான் குழப்புவார்கள்." வலித்தது. இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். அந்த அட்டவணையை நம்பி ஒருவர் ஆர்டர் போடப் போவதாக எழுதியதைப் பார்த்த பிறகு அப்படி இருக்க முடியவில்லை.

சொல்ல வருவது ஒன்றுதான். சாலை காலியாக இருக்கும்போது எல்லா ஸ்விட்சும் வேகமாகத்தான் ஓடும். நெரிசல் வரும்போது எது என்ன செய்கிறது என்று பார்த்து ஒப்பிடுங்கள்.

முதல் வரியையே எடுத்துக்கொள்வோம். மொத்த வேகம், ஒரு ஸ்விட்சுக்கு விநாடிக்கு 6.4 டெராபிட், பக்கத்தில் இருப்பதற்கு 3.2 டெராபிட். ஆறு புள்ளி நான்குக்குப் பச்சை. இரண்டுமே 32 போர்ட் (கேபிள் செருகும் வாய்) பெட்டிகள், போர்ட்டுக்கு 100ஜி, அதாவது விநாடிக்கு 100 கிகாபிட். முப்பத்திரண்டை நூறால் பெருக்கினால் 3.2 டெராபிட்தான் வரும். ஒரு நிறுவனம் உள்ளே வருவதையும் வெளியே போவதையும் சேர்த்து எண்ணுகிறது, மற்றொன்று ஒரு திசையை மட்டும் எண்ணுகிறது. ஒரே கொள்ளளவுள்ள இரண்டு பெட்டிகளில் ஒன்று இரண்டு மடங்கு வேகம் என்று அச்சாகிவிட்டது. இதைத்தான் கேட்டேன். இதில் குழப்பியது யார்?

விநாடிக்கு எத்தனை பாக்கெட் (தரவுப் பொட்டலம்) என்பதும் அப்படியே. 100ஜி போர்ட்டில் 64 பைட் பாக்கெட், அதோடு 20 பைட் முன்குறியும் இடைவெளியும் சேர்த்தால் விநாடிக்கு 14.88 கோடி பாக்கெட். 32 போர்ட்டுக்கு 476 கோடி. டேட்டாஷீட்டில் 200 கோடி என்று இருந்தால், சராசரி பாக்கெட் ஏறக்குறைய 180 பைட்டாவது இருந்தால்தான் எல்லா போர்ட்டும் முழு வேகத்தில் ஓடும். பெரும்பாலான இடங்களில் அது போதும். டிஎன்எஸ், குரல், சின்னச் சின்ன கேஷ் பதில்கள் மட்டுமே ஓடுகிற இடத்தில் போதாது. எது உங்கள் இடம் என்று பார்க்காமல் அந்த வரிக்கு நிறம் பூச முடியாது.

இனி பஃபருக்கு வருவோம். போர்ட் காலியாகும் வரை பாக்கெட்டுகள் ஸ்விட்சுக்குள் காத்து நிற்கும் நினைவகம் அது. என் கோபமெல்லாம் இதில்தான்.

பிராட்காம் டோமஹாக்கின் முதல் தலைமுறை, டிரைடென்ட் 3, மெல்லனாக்ஸ் ஸ்பெக்ட்ரமின் முதல் தலைமுறை என்று ஸ்விட்சுக்குள் பாக்கெட்டைக் கடத்தும் மூன்று சிப். மூன்றிலும் 3.2 டெராபிட் உண்டு. அந்த அட்டவணைப்படி மூன்றும் ஒன்று. ஆனால் டோமஹாக்கில் பஃபர் 16 எம்பி, அதுவும் நான்கு எம்பி வீதம் நான்கு துண்டுகளாக. பாக்கெட் எந்தத் துண்டில் நிற்கலாம் என்பது எந்த போர்ட்டில் வந்து எந்த போர்ட்டில் போகிறது என்பதைப் பொறுத்தது. ஆகவே நெரிசல் பட்ட போர்ட்டுக்கு முழுப் பதினாறும் கிடைக்காது. ஸ்பெக்ட்ரமிலும் 16 எம்பிதான், ஆனால் துண்டாக்காத ஒரே பொதுக் குளம். டிரைடென்ட் 3இல் 32 எம்பி.

இது ஏன் முக்கியம் என்று கணக்குப் போட்டே காட்டுகிறேன். ஒரே லீஃபில் (சர்வர்கள் நேராக இணையும் ஸ்விட்ச்) 41 சர்வர், எல்லாம் 25ஜி. ஒரு சர்வர் ஒரு கேள்வி கேட்கிறது, மற்ற நாற்பதும் ஒரே நேரத்தில் தலைக்கு 400 கேபி பதில் அனுப்புகின்றன. ஏற்கெனவே விண்டோ பெருத்த, அதாவது ஒரே மூச்சில் அத்தனையும் அனுப்பக்கூடிய இணைப்புகள் என்று வையுங்கள். மொத்தம் 16 எம்பி, 0.128 மில்லி விநாடியில் வந்து சேர்ந்துவிடும். அதே நேரத்தில் வெளியே போகக்கூடியது 0.4 எம்பி. மீதி 15.6 எம்பி எங்காவது நிற்க வேண்டும். பொதுக் குளத்தில் ஒரு போர்ட் எவ்வளவு எடுக்கலாம் என்பதை ஆல்ஃபா என்ற அமைப்பு தீர்மானிக்கிறது. ஆல்ஃபா 1 என்றால், மற்ற போர்ட்கள் காலியாக இருந்தாலும், ஒரு போர்ட்டுக்குப் பாதிக் குளம்தான். 32 எம்பி பெட்டியில் 16 எம்பி, மயிரிழையில் தப்பித்துவிடும். 16 எம்பி பெட்டியில் 8 எம்பி, மீதி கீழே போகும், அதாவது தொலைந்துவிடும்.

கீழே போனால் என்ன, டிசிபி திரும்ப அனுப்பிவிடுமே என்பீர்கள். அனுப்பும். பதிலின் வால் பகுதி போய்விட்டால் பின்னால் வேறு பாக்கெட் வந்து எச்சரிக்காது. லினக்ஸில் திரும்ப அனுப்பும் முன் காத்திருக்கும் டைம்அவுட்டின் குறைந்தபட்சம் 200 மில்லி விநாடி. 0.128 மில்லி விநாடியில் வந்து சேர்ந்த வேலைக்கு ஆயிரத்து ஐந்நூறு மடங்கு காத்திருக்க நேரலாம். அப்ளிகேஷன் ஆட்கள் "நெட்வொர்க் மெதுவாக இருக்கிறது" என்பார்கள். நீங்கள் கிராஃபைத் திறந்து ஐந்து நிமிடச் சராசரியைக் காட்டி "பயன்பாடு பத்து சதவீதம்கூட இல்லையே" என்பீர்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மை, சில மில்லி விநாடி நெரிசல் ஐந்து நிமிடச் சராசரியில் தெரியாது.

ஒரு பேக்கப் ரேக்கில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். கேபிளை மாற்றினார்கள், ஆப்டிக்ஸை (ஃபைபர் செருகும் ஒளிக் கருவி) மாற்றினார்கள், சர்வரின் நெட்வொர்க் கார்டையே மாற்றினார்கள். கடைசியில் போர்ட்டில் ஒவ்வொரு க்யூவிலும் (காத்திருக்கும் வரிசை) எத்தனை பாக்கெட் தொலைந்தது என்று எண்ணும் டிராப் கவுன்ட்டரைப் பார்த்தபோது விஷயம் வெளியே வந்தது. அந்தக் கவுன்ட்டரை முதல் நாளே பார்த்திருக்கலாம். இருப்பதே யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் எந்த ஒப்பீட்டிலும் அது ஒரு வரியாக இருந்ததில்லை.

"அண்ணே, பஃபர் பெரிதானால் தாமதமும் கூடுமே?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். நியாயமான கேள்வி, மரியாதையாகவும் கேட்டார். ஆம், கூடும். ஜெரிகோ 2 போல சிப்புக்கு வெளியே 8 ஜிபி நினைவகம் வைத்திருக்கும் பெட்டியை எல்லா ரேக்குக்கும் போடச் சொல்லவில்லை. மின்சாரமும் கூடுதல், அதே இடத்தில் போர்ட்டும் குறைவு. தொலைதூர லிங்க் வந்து சேரும் எல்லையிலும், வேகமான போர்ட்டிலிருந்து மெதுவான போர்ட்டுக்கு இறங்கும் இடத்திலும் அது தேவை. லீஃப்களை ஒன்றோடொன்று இணைக்கும் ஸ்பைனில் பெரும்பாலும் தேவையில்லை. ஆர்டிஎம்ஏ (ஒரு சர்வர் மற்றொன்றின் நினைவகத்தை நேராக எட்டும் முறை) ஓடும் ரேக்கில் பெரிய பஃபரைவிட இசிஎன் (நெரிசல் என்று பாக்கெட்டில் குறியிடுவது) வரம்பைச் சரியாக வைப்பதுதான் வேலை செய்யும். நெரிசலில் அனுப்புகிறவரை நிறுத்தச் சொல்லும் பிஎஃப்சி வைத்தால், நிறுத்து என்று சொன்ன பிறகும் கேபிளில் வந்துகொண்டிருக்கும் பாக்கெட்டுக்கு இடம் ஒதுக்க வேண்டும். கேபிள் நீள நீள அந்த ஒதுக்கீடும் கூடும், அது போக மீதிதான் பொதுக் குளம். இத்தனையையும் சிலர் சொல்வதுபோல "பஃபர் விவாதம் பழசு" என்று ஒரே வரியில் தள்ளிவிட முடியுமா?

லேட்டன்சி, அதாவது தாமதம் என்ற வரிக்கு வருகிறேன். 450 நானோ விநாடிக்குப் பச்சை, 800க்குச் சிவப்பு. வித்தியாசம் 350 நானோ விநாடி. ஃபைபரில் ஒளி ஒரு மீட்டர் போக சுமார் 5 நானோ விநாடி ஆகும். அதாவது 70 மீட்டர் கேபிளுக்குச் சமம். மேலே சொன்ன 200 மில்லி விநாடிக்கு முன்னால் இதை வைத்துப் பாருங்கள். அதுவும் அந்த 450, பாக்கெட் முழுதாக வரும் முன்பே அனுப்பத் தொடங்கும் கட்-த்ரூ முறையில் அளந்தது. 25ஜியில் வந்து 100ஜியில் மேலே போகும் பாக்கெட்டை முழுதாக வாங்கி வைத்துத்தான் அனுப்ப முடியும், இல்லாவிட்டால் பாதியில் தரவு தீர்ந்துவிடும். லீஃபிலிருந்து ஸ்பைனுக்குப் போகும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் இதே நிலைதான். பங்குச் சந்தை வணிகத்துக்கு அந்த 350 முக்கியம், மறுக்கவில்லை. சேமிப்பகத்துக்கு ஸ்விட்ச் வாங்குகிறவரிடம் அதைக் காட்டித் திசை திருப்பக்கூடாது.

"ஆர்எஃப்சி 2544 சோதனையில் எல்லாமே நூறு சதவீதம் தேறியிருக்கிறதே" என்று இன்னொருவர். ஐயா, நெட்வொர்க் பெட்டிகளை அளக்கும் அந்தச் சோதனை முறை 1999இல் வந்தது. வழக்கமாக அதை ஓட்டும் விதத்தில் ஒரு போர்ட்டில் விட்டு மற்றொரு போர்ட்டில் வாங்குவார்கள். நாற்பது போர்ட் ஒரே போர்ட்டை மொய்க்கும் நிலை அதில் வராது. அதற்காகத்தான் 2017இல் ஆர்எஃப்சி 8239 வந்தது. மைக்ரோபர்ஸ்ட் (கண நேர வெள்ளம்), பஃபர், இன்காஸ்ட் (பலர் ஒருவரை மொய்ப்பது) எல்லாம் அதில் உண்டு. விற்பனையாளரிடம் அதன் முடிவைக் கேளுங்கள். தரவில்லை என்றால் பெட்டியைச் சோதனைக்கு வாங்கி ஒரு வாரம் நீங்களே ஓட்டுங்கள்.

இன்னொரு பதில்: "எல்லாம் ஒரே சிப்தானே, பெட்டி எதுவானால் என்ன?" இதைப் படித்தபோதுதான் எனக்குப் பொறுமை போனது. ஒரே சிப்பில் ஒரு மென்பொருள் பஃபரின் உச்ச அளவைப் பதிவு செய்து காட்டும், மற்றொன்று காட்டாது. ஒன்றில் ஆல்ஃபாவை மாற்றலாம், மற்றொன்றில் முடியாது. ஃபார்வர்டிங் டேபிளில் (எந்த முகவரி எந்த போர்ட்டில் என்ற பட்டியல்) மேக் முகவரி இத்தனை லட்சம், ஹோஸ்ட் ரூட் (தனி ஐபி முகவரிக்கான வழி) இத்தனை லட்சம் என்று இரண்டையும் அடுத்தடுத்துப் போடுவார்கள். நினைவகம் ஒன்றே, அதை எப்படிப் பங்கு போடுவது என்பது ப்ரொஃபைல். இரண்டு உச்சமும் ஒரே நேரத்தில் கிடைக்காது, ப்ரொஃபைலை மாற்றினால் பல பெட்டிகளை ரீபூட் செய்ய வேண்டும். எந்தப் பாக்கெட்டை விடலாம் என்று சொல்லும் ஏசிஎல்லிலும் இதே கதைதான். ஒரு டிசிபி போர்ட் எண் வரம்பை (பெட்டியின் போர்ட் அல்ல) நீங்கள் ஒரு வரியாக எழுதுகிறீர்கள், அந்த விதிகளை வைக்கும் டீகேம் நினைவகத்தில் அது மோசமான நிலையில் 30 வரியாக விரியும்.

சிப் ஒன்றாக இருந்தும் மென்பொருள் கைவிட்ட கதையும் உண்டு. 2020இல் என்விடியா, ஸ்விட்ச் மென்பொருள் நிறுவனமான க்யூமுலஸை வாங்கியது. 4.3 பதிப்போடு பிராட்காம் பெட்டிகளுக்கு க்யூமுலஸ் லினக்ஸ் நின்றுபோனது. பெட்டி நன்றாக இருந்தது, சிப்பும் நன்றாக இருந்தது. வேறு மென்பொருளுக்கு மாற வேண்டியவர்கள் வாடிக்கையாளர்கள். 2023 ஜனவரியில் இன்டெல் தன் டோஃபினோ ஸ்விட்ச் சிப் வரிசையின் அடுத்த தலைமுறையை நிறுத்திவிட்டது. இதற்கெல்லாம் அட்டவணையில் எங்கே வரி இருக்கிறது?

விலை பற்றிக் கேட்டவர்களுக்கு: போர்ட்டுக்கு இவ்வளவு என்று போட்டிருப்பது வெறும் பெட்டியின் விலை. ஆப்டிக்ஸ் அதில் இல்லை. மின்சாரக் கணக்கிலும் இல்லை. 400ஜி ஆப்டிக்ஸ் ஒன்றுக்கு 12 வாட் என்றால் 32 போர்ட்டுக்கு 384 வாட். அட்டவணையில் குறித்த வாட்டோடு இதைக் கூட்டிவிட்டு ரேக்கின் மின் ஒதுக்கீட்டைப் பாருங்கள்.

நிறுவுகிற ஆளின் பாடு இன்னும் மோசம். காற்று போர்ட் பக்கமிருந்து உள்ளே போகிறதா வெளியே வருகிறதா என்று பார்க்காமல் வாங்கினால், பெட்டி சூடான வரிசையின் காற்றை உறிஞ்சும். ஃபேனின் நிறக் குறியும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. 25ஜி காப்பர் கேபிளின் ஒரு முனையில் எஃப்இசி (பிழை திருத்தும் அமைப்பு) இருந்து மறுமுனையில் இல்லாவிட்டால் லிங்க் எழாது, அந்த ஆள் கேபிளைத்தான் சந்தேகப்படுவார். பல பெட்டிகளில் 25ஜி போர்ட்கள் நான்கு நான்காக ஒரே வேகத்தில்தான் ஓடும். ஒன்றை 10ஜிக்கு இறக்கினால் மற்ற மூன்றும் கூடவே இறங்கும். 48 போர்ட் என்று வாங்கியது அந்த இடத்தில் 48 அல்ல.

இதெல்லாம் நுணுக்கம், பொதுமக்களுக்கு எளிமையாகச் சொல்ல வேண்டும் என்கிறார்கள். டேட்டா சென்டர் ஸ்விட்ச் வாங்குகிற பொதுமக்கள் யார்? அதை வாங்கி, மாட்டி, ராத்திரி இரண்டு மணிக்கு ஃபோன் வந்தால் எழுந்து பதில் சொல்ல வேண்டியவர்தான் இதைப் படிக்கிறார். "நெட்வொர்க் மெதுவாக இருக்கிறது" என்ற பழி அவர் தலையில்தான் விழும். பச்சை நிறம் பூசியவர் அந்த ஃபோன் அழைப்பில் இருக்க மாட்டார். நான் அந்த அழைப்புகளில் இருந்தவன். அதனால்தான் கேட்டேன், குழப்புவதற்காக அல்ல.

அட்டவணையை நீக்கச் சொல்லவில்லை, உழைத்துத்தான் போட்டிருக்கிறார்கள். மூன்று வரி சேருங்கள்: பஃபர் எத்தனை எம்பி (துண்டா முழுதா), க்யூ வாரியான டிராப்பும் உச்ச அளவும் தெரியுமா, ஆர்எஃப்சி 8239 இன்காஸ்ட் முடிவு இருக்கிறதா. தகவல் கிடைக்காத கட்டத்தைக் காலியாகவே விடுங்கள். அதற்கு முன்னால் அந்த 6.4ஐ 3.2 ஆக மாற்றுங்கள். இன்று காலைகூடப் பார்த்தேன், அது இன்னும் பச்சையில்தான் இருக்கிறது.