இரண்டாவது அறிக்கைக்கு யார் காசு கொடுப்பது?

கொலை வழக்கில் யாராவது பிணையில் வந்தார் என்று செய்தி வந்தால் போதும், கீழே விழுகிற கருத்துகள் எல்லாம் ஒரே மாதிரி. "காசு குடுத்தா எவனையும் வெளியில எடுத்து விடுவாங்கள் இந்த லோயர்மார்." கனடாவில், எங்கட ஸ்காபரோ ஆக்களும் இதைத்தான் எழுதுகிறார்கள். பிள்ளையை லோ படிக்க விட்டிருக்கிறவர்களும் அதில் உண்டு. சார்ள்ஸ் சிமித் என்ற பெயர் யாருக்கும் ஞாபகம் இல்லைப் போல.

சிமித், ரொறன்ரோவில் சிக் கிட்ஸ் என்ற சிறுவர் வைத்தியசாலையில் பிரேத பரிசோதனை செய்யும் வைத்தியராக இருந்தவர். எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் ஒன்ராறியோவில் ஒரு குழந்தை சந்தேகமான முறையில் இறந்தால் அபிப்பிராயம் கேட்டு அவரிடம்தான் போவார்கள். குற்ற வழக்குகளுக்கான பிரேத பரிசோதனையில் அவருக்கு முறையான பயிற்சியே கிடையாது. அவருடைய 45 வழக்குகளை வெளிநாட்டு நிபுணர்களை வைத்துத் திருப்பிப் பார்த்தார்கள். 20இல் அவர் சொன்னதோடு அவர்களால் ஒத்துப்போக முடியவில்லை. அதில் 12 வழக்குகளில் ஏற்கெனவே ஆட்கள் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டிருந்தார்கள்.

சூ செயின்ட் மேரியில் வில்லியம் முலின்ஸ்-ஜோன்சன் என்றொருவர். 1993இல் ஓர் இரவு சகோதரன் வீட்டில் நின்று பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். விடிந்தபோது நாலு வயதுப் பெறாமகள் படுக்கையில் இறந்து கிடந்தாள். கழுத்து நெரிக்கப்பட்டிருக்கிறது, பாலியல் வன்முறையும் நடந்திருக்கிறது என்று சிமித் உட்பட அரச தரப்பு வைத்தியர்கள் சொன்னார்கள். ஆயுள் தண்டனை. உண்மையில் அந்த அடையாளங்கள், உயிர் போன பிறகு இரத்தம் இறங்கித் தேங்கியதாலும் பரிசோதனைக்காக வெட்டியதாலும் வந்தவை. ஆனால் அதை மீண்டும் பார்ப்பதற்கு வேண்டிய திசு ஸ்லைட்டுகளைக் காணவில்லை. தேடித் தேடி, 2005இல் அவை சிமித்தின் அறையிலேயே கிடைத்தன. 12 வருடம் உள்ளே இருந்த மனிதன் 2007இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் விடுதலை.

இவ்வளவும் தெரிந்த கதை. எனக்குக் கூடுதலாக உறுத்துவது இன்னொன்று. இந்தியாவில் இருந்து வந்த ஓர் இளம் தகப்பன். 1992இல் ஐந்து கிழமைக் குழந்தை இறந்துபோகிறது. குலுக்கியதால் இறந்தது என்றார் சிமித். கொலைக் குற்றச்சாட்டு. வழக்காடித் தோற்றால் ஆயுள், குறைந்தது பத்து வருடம் பரோல் பற்றி யோசிக்கவே முடியாது. மற்றப் பிள்ளையும் போய்விடும், நாடு கடத்தவும் கூடும். குற்றத்தைச் சிறிதாக்கி ஒத்துக்கொண்டால் 90 நாள், அதுவும் சனி ஞாயிறுகளில் மட்டும். சிமித்தின் சொல்லுக்கு எதிர்ச்சொல் இல்லாத காலம். ஒத்துக்கொண்டார். நிரபராதி என்று நீதிமன்றம் சொன்னது 2011இல்.

நீங்கள் அந்த இடத்தில் நின்றால் என்ன செய்திருப்பீர்கள்? நான் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

இனி மற்றப் பக்கம் பாருங்கள். ரிம்மின்ஸ் நகரத்தில் 12 வயதுப் பிள்ளை ஒன்று குழந்தை பார்க்கப் போன இடத்தில் அந்தக் குழந்தை இறந்தது. படியில் விழுந்தது என்றாள் பிள்ளை. இல்லை, குலுக்கிக் கொன்றிருக்கிறாள் என்றார் சிமித். அந்தக் குடும்பம் விடவில்லை. எதிரித் தரப்பு, அதாவது அந்தப் பிள்ளைக்காக வாதாடிய சட்டத்தரணிகள், நிபுணர்களை வரிசையாகக் கூண்டில் ஏற்றினார்கள். 1991இல் நீதிபதி பற்றிக் டன் அவளை விடுதலை செய்து, சிமித்தின் வேலையைக் கிழித்துத் தோரணமாகத் தொங்கவிட்டார். அதே மனிதன், அதே குலுக்கல் கதை. ஓரிடத்தில் தோற்றது, ஓரிடத்தில் வென்றது. வித்தியாசம், எதிர்த்துச் சொல்ல நிபுணர்கள் வந்தார்களா இல்லையா என்பதுதான்.

(அந்தத் தீர்ப்புக்கு அடுத்த வருடம் சிமித்தைக் குழந்தைகள் மரணப் பரிசோதனைப் பிரிவுக்கே இயக்குநராக்கினார்கள். சிரிக்காதீர்கள்.)

கிங்ஸ்ரனில் ஏழு வயதுச் சிறுமியின் உடலில் இருந்த நாய்க்கடிக் காயங்களைக் கத்தரிக்கோல் குத்து என்று சாதித்தவரும் இவரே. நாய் என்று சொல்வது பனிக்கரடி என்று சொல்வது போன்ற அபத்தம் என்று நீதிமன்றத்திலேயே சாட்சி சொன்னார். உடல் கிடந்த வீட்டில் பிற்புல் நாய் இருந்தது. தாய் மறியலில் இருந்தாள்.

இந்தக் குழந்தை மரணப் பரிசோதனைகள் பற்றி விசாரித்த நீதிபதி ஸ்ரீபன் கூஜ், 2008இல் தன் அறிக்கையைக் கொடுத்தார். அந்த விசாரணையில் சிமித்தே ஒத்துக்கொண்டார்: அரச தரப்புக்குத் துணை நிற்பதுதான் தன் வேலை என்று நினைத்தாராம்.

சரி, திருந்தினார்களா? அதே சிக் கிட்ஸில் மதரிஸ்க் ஆய்வுகூடம். தலைமுடியைச் சோதித்துத் தாய் போதைப்பொருள் பாவித்தாளா என்று சொல்வார்கள். முதற்கட்டச் சோதனையின் இலக்கத்தையே, உறுதிப்படுத்தும் சோதனை செய்யாமல், முடிவான பதிலாகப் பல வருடம் கொடுத்துவந்தார்கள். 2015இல் நீதிபதி சூசன் லாங், அந்தச் சோதனைகள் நம்பத்தக்கவை அல்ல என்று சொன்னார். பெரும்பாலும் பிள்ளைகளைப் பிரிக்கும் வழக்குகள். ஏழைத் தாய்மார். 56 வழக்குகளில் அந்த முடிச்சோதனை பெரிய தாக்கம் செலுத்தியதாக 2018இல் இன்னோர் அறிக்கை சொன்னது. தத்துக் கொடுத்த பிள்ளையை யார் திருப்பித் தருவது?

எதிரித் தரப்புச் சட்டத்தரணிகள் எல்லோரும் தெய்வங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நோவா ஸ்கோசியாவில் டொனால்ட் மார்ஷல் என்ற மிக்மாக் பூர்வகுடி இளைஞன் செய்யாத கொலைக்கு 11 வருடம் உள்ளே இருந்தான். அவனுடைய சட்டத்தரணிகள் தாங்களாக ஒரு சாட்சியைக்கூடத் தேடிப்போய் விசாரிக்கவில்லை. 1989ஆம் ஆண்டின் ஆணைக்குழு அறிக்கை அவர்களையும் சேர்த்துத்தான் திட்டியது. ஆகவே, சந்தேகப்படாத சட்டத்தரணியால்தான் ஆபத்து. நீங்கள் திட்டுவதோ சந்தேகப்படுகிறவனை.

சந்தேகப்படுவதற்குக் காசும் வேண்டும். அரச தரப்புக்கு ஆய்வுகூடம் இருக்கிறது, பொலிஸ் இருக்கிறது. லீகல் எயிட்டில், அதாவது வசதியில்லாதவர்களுக்கு அரச காசில் கிடைக்கும் சட்ட உதவியில், வருகிற லோயர்ப் பெடியனுக்கு, அந்த அறிக்கையை இன்னொரு நிபுணரிடம் காட்ட வேண்டும் என்றால் முதலில் செலவுக்கு அனுமதி வாங்க வேண்டும். அந்தச் செலவை லீகல் எயிட் ஒழுங்காகக் கொடுக்க வேண்டும் என்று கூஜ் எழுதி வைத்துவிட்டுத்தான் போனார். 2019இல் ஒன்ராறியோவின் டக் ஃபோர்ட் அரசு லீகல் எயிட்டுக்குக் கொடுக்கிற பணத்தில் ஏறத்தாழ 30 வீதத்தை வெட்டியது. அதற்கு எங்கட ஆக்கள் கை தட்டியதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அதே 2019இல் ஒட்டாவாவில் குற்றவியல் சட்டத்தைத் திருத்தினார்கள். யாராவது குற்றத்தை ஒத்துக்கொண்டால், சம்பவத்தின் விபரங்கள் அந்தக் குற்றச்சாட்டுக்குப் பொருந்துகின்றனவா என்று நீதிபதி பார்க்க வேண்டும். நல்லதுதான். ஆனால் அந்தத் தகப்பனின் வழக்கில் நீதிபதியின் மேசைக்கு வந்திருக்கக்கூடிய விபரம் என்ன? சிமித்தின் அறிக்கைதானே.