முகப்புக் கண்ணாடியும் கச்சான் காற்றும்

போன வைகாசியில் அப்பாவுக்கு நிமோனியா. மூன்று ராத்திரி வார்டுத் தரையில் பாய் விரித்துக் கிடந்தேன். ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம், எங்கள் ராமநாதபுரம் கடலோரத்தில்தான். வெளியே கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, பனைமட்டையைப் பிய்த்துக்கொண்டு அடிக்கிறது, உள்ளே வியர்வையில் பாய் நனைகிறது. மேற்குப் பக்கம் முழுக்கத் திறக்கவே முடியாத கண்ணாடி. கழிவறைக் கதவு மட்டும் சாத்துவதில்லை, தாழ்ப்பாள் கிடையாது.

அங்கே படுத்துக்கொண்டுதான், அந்தக் காலத்துப் போரில் பிரிட்டிஷ்காரர்கள் துருக்கியில் போட்ட ரென்கியோய் ஆஸ்பத்திரியை நினைத்தேன். ரஷ்யாவோடு நடந்த அந்தக் கிரிமியப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் குண்டடியைவிட நோயில்தான் அதிகம் செத்தார்கள். நர்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் வேலை பார்த்த, இஸ்தான்புல் பக்கத்து ஸ்குட்டாரி ஆஸ்பத்திரி ஒரு பழைய துருக்கிப் படைக் குடியிருப்பு. கீழே சாக்கடை அடைத்துக் கிடந்தது. 1855 பிப்ரவரியில் அங்கே நூற்றுக்கு 42 பேர் சாவு. சாக்கடையைச் சுத்தம் செய்து, காற்றுக்கு வழிவிட்ட பிறகு ஜூனில் அது 2 ஆனது.

அதே பிப்ரவரியில்தான் புதிதாக ஓர் ஆஸ்பத்திரி கட்டித்தரும்படி இன்ஜினியர் புரூனலிடம் கேட்டார்கள். அதுதான் ரென்கியோய். ரயில் பாதையும் கப்பலும் கட்டிய மனுஷன், டாக்டர் இல்லை. மரத்துண்டுகளாக இங்கிலாந்திலேயே அறுத்து, கப்பலில் ஏற்றி, துருக்கியின் டார்டனெல்ஸ் நீரிணைக் கரையில் கொண்டுபோய்ப் பூட்டினார்கள். ஒரு கட்டடத்துக்கு 50 கட்டில். வெயிலைத் திருப்பியடிக்கக் கூரையில் பளபளக்கும் தகரம், உள்ளே வெள்ளையடிப்பு. கையால் சுற்றும் விசிறி ஒன்று தரைக்கு அடியில் காற்றைத் தள்ளி வார்டுக்குள் விடும். கழிவறையும் கழுவுமிடமும் ஒவ்வொரு கட்டடத்தோடும் சேர்த்தே திட்டமிட்டவை. தீக்குப் பயந்து சமையல்கட்டை மட்டும் தனியாக இரும்பில் போட்டார்கள்.

அக்டோபரில் நோயாளிகள் வந்தார்கள். மொத்தம் 1,300 பேர் அளவில் தங்கினார்கள், ஏறக்குறைய 50 பேர்தான் இறந்தார்கள். சரி, எல்லாப் பெருமையும் கட்டடத்துக்கே என்று சொல்ல மாட்டேன். அதற்குள் சண்டை ஓய்ந்துகொண்டிருந்தது, கப்பல் பயணத்தைத் தாங்கியவர்கள்தான் அங்கே வந்து சேர்ந்தார்கள். அடுத்த வருஷம் போரும் முடிந்து ஆஸ்பத்திரியையும் மூடிவிட்டார்கள்.

ஆனாலும் 170 வருஷத்துக்கு முன்னால், மின்சாரம் இல்லாத காலத்தில், நோயாளிக்கு மூச்சு எப்படிப் போகும் என்பதிலிருந்து ஒருவர் கட்டடத்தைத் தொடங்கியிருக்கிறார். நாம் முகப்பிலிருந்து தொடங்குகிறோம். கிரானைட், கண்ணாடி, அப்புறம் திறப்புவிழாக் கல்வெட்டு. கரண்ட் போனால் வார்டு அடுப்பாகிவிடும். எந்த மாசம் எந்தப் பக்கத்துக் காற்று என்று இங்கே வலை இழுக்கிற எவரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார், கேட்கத்தான் ஆளில்லை.

இப்போது அதே வளாகத்தில் புதுக் கட்டடம் வருகிறது. வாசலில் கலர்ப் படம் வைத்திருக்கிறார்கள். நின்று பார்த்தேன். நீலக் கண்ணாடி தெரிகிறது, புல்தரை தெரிகிறது, கழிவறை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. தென்மேற்கு மூலையில் மட்டும் வைத்துவிடாதீர்கள் ஐயா, கச்சான் அங்கிருந்துதான் வரும்.