சேரின் டின்களைப் பிரிக்காதீர்கள்

எங்களுக்குக் கல்லைப் பற்றிச் சொல்லித்தந்த சேர் இறந்து நேற்று 31ஆம் நாள். சாப்பாடு முடிந்து எங்கட கல் குழுக்காரர் நாலைந்து பேர் மாமரத்தடியில் இருந்தோம். ஒருவர் கேட்டார்: “ஆளுக்கொரு டின் எடுப்பமா? சேர்ட ஞாபகமா வெச்சிக்கலாம்.” அன்பில் கேட்டதுதான். ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஏனென்று அங்கே சொல்ல வாய் வரவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

சேர் கல் சேர்த்து வைத்த அந்த பிஸ்கட் டின்களில் மாணிக்கமோ நீலமோ இல்லை. இரத்தினக்கல் வேண்டியவர்கள் இரத்தினபுரிக்குப் போவார்கள். எங்கட மட்டக்களப்பின் கரடியனாறு, உன்னிச்சை, குடும்பிமலைப் பக்கத்துக் கல்லை யார் திரும்பிப் பார்த்தார்கள்? சேர் பார்த்தார். நாங்கள் நெல் காயப்போடுகிற, கறுப்பும் வெள்ளையும் வரிவரியாக ஓடுகிற அந்த நைஸ் பாறை, விஜயன் தொகுதி என்று சொல்லும் கிழக்கிலங்கைப் பாறைக் கூட்டத்தைச் சேர்ந்தது. ஏறத்தாழ 100 கோடி வருடங்களுக்கு முன் பாறைக்குழம்பாக இருந்தது, பிறகு நிலத்தின் ஆழத்தில் வெந்து நசிந்து வரி பிடித்தது. அதை அவர் சொன்ன நாளிலிருந்து அந்தப் பாறையில் செருப்போடு ஏற எனக்குக் கால் கூசும்.

அவரிடம் பெரிய கருவி எதுவும் கிடையாது. ஒரு கண்ணாடித்துண்டு, முருகைக்கல்லா என்று பார்க்க ஒரு சொட்டு வினாகிரி, பழைய ரேடியோவில் கழற்றிய காந்தம். காந்தத்தைச் சொப்பிங் பேக்கில் சுற்றித்தான் கல்லடிக் கடற்கரையின் கறுப்பு மணலில் இழுப்பார். பேக்கை உரித்தால் மணல் தானாக உதிர்ந்துவிடும். பொடியன்மார் வெள்ளைக்கல்லை வைரம் என்று கொண்டுவந்தால் சிரிக்கமாட்டார். கண்ணாடியில் கீறச் சொல்வார். “கண்ணாடி அஞ்சரை, இது கீறுது. குவார்ட்ஸ் மனே, ஏழு.” கல்லின் கடினத்தை அளக்க 1812இல் மோஸ் வகுத்த பத்துப் படியை நான் படித்தது இப்படித்தான்.

ஆனால் சேரின் சொத்து கல் அல்ல, அவர் குறிப்பெழுதிய சீஆர் கொப்பி. ஒவ்வொரு கல்லிலும் வெள்ளைப் பெயின்ற் பொட்டு, அதில் இலக்கம். கொப்பியில் ஊர், திகதி, எந்த வாய்க்காலில் இருந்து எத்தனை எட்டு, பக்கத்தில் என்ன பாறை என்பதெல்லாம். அதில் உள்ள இரண்டு இடங்கள் இன்று கல்குவாரிக் கிடங்குகள். அந்தப் பாறைகள் றோட்டுக்குள் போய்விட்டன. மிஞ்சியிருப்பது டின்னுக்குள் இருக்கும் துண்டும் கொப்பியில் உள்ள வரியும்தான்.

முதல் சேகரிப்பு 2004 டிசம்பர் 26 சுனாமியில் போனது. கல் போகவில்லை, வீட்டுத் தரையில் மண்ணுக்குள் அப்படியே கிடந்தது. கொப்பியைத்தான் கடல் கொண்டுபோனது. ஒவ்வொன்றாகக் கழுவிப் பார்த்துவிட்டு, “இலக்கம் இரிக்கு மனே, ஊர் இல்ல” என்றார். பிறகு எல்லாவற்றையும் கிணற்றடியில் சுற்றிவர அடுக்கிவிட்டார். நேற்று நாங்கள் கைகழுவிய இடம் அதுதான்.

ஆளுக்கொரு டின் எடுத்தால் அதே கதைதான் நடக்கும், இந்த முறை கடல் வராமலேயே. கொப்பியும் டின்களும் ஒரே அலுமாரியில், ஏதாவதொரு பாடசாலை ஆய்வுகூடத்தில் இருக்கவேண்டும். சேரின் மகளிடம் பேசினேன், அவவுக்கும் அதுதான் விருப்பம். கொப்பியின் ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்துத் தர நான் பொறுப்பு.

இன்று காலை சரிபார்க்கத் தொடங்கினேன். 212ஆம் இலக்கத்துக்கு நேரே “வாகரை” என்று எழுதியிருக்கிறது, கல் இல்லை. பார்க்கவென்று சேர் யாரிடமோ கொடுத்திருக்கிறார். உங்களிடம் இருந்தால் தயவுசெய்து கொண்டுவந்து தாருங்கள்.