5-13 மட்டும்தான் கண்ணில் படுகிறதா?

நேற்று அந்தப் பட்டியலைப் போட்டது யார் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். ‘பெரிய ஆட்டத்தில் சொதப்பும் கோச்சுகள்’. முதலிடம் மார்ட்டி ஷாட்டன்ஹைமருக்கு. கூடவே சிரிப்பு எமோஜி வேறு.

ஐயா, அந்த மனிதர் அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.லில் கோச்சாக 200 லீக் ஆட்டங்களை ஜெயித்தவர். பட்டியலில் அதற்கு ஒரு வரி கூட இடமில்லையா? வாஷிங்டனில் 2001இல் முதல் 5 ஆட்டமும் தோல்வி. சீசன் முடியும்போது அதே அணி 8-8, அதாவது எட்டு வெற்றி, எட்டுத் தோல்வி. அதற்குப் பரிசாக ஒரே வருடத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

“பிளேஆஃபில், லீக் முடிந்து வரும் நாக்-அவுட் ஆட்டங்களில், 5-13 தானே?” ஆமாம், 5-13தான். யார் மறைத்தார்கள்? ஆனால் 2007 ஜனவரியில் நடந்ததைப் பாருங்கள். பிளேஆஃபில் பேட்ரியாட்ஸுக்கு எதிராக, மார்ட்டி அப்போது கோச்சாக இருந்த சான் டியாகோ 21-13 என்று முன்னிலை. கடைசி குவார்ட்டர், பேட்ரியாட்ஸுக்கு நாலாவது டவுன், அதாவது பந்தை முன்னேற்றக் கிடைக்கும் நாலு முயற்சிகளில் கடைசி. அவர்களுடைய பிராடி வீசிய பந்தை சான் டியாகோவின் மார்லன் மெக்ரீ பிடிக்கிறார். தட்டிவிட்டிருந்தாலே போதும், பந்து இவர்களுக்குத்தான். பிடித்துக்கொண்டு ஓடினார், பேட்ரியாட்ஸின் டிராய் பிரவுன் தட்டிப் பறித்தார், பந்து மறுபடி பேட்ரியாட்ஸ் கைக்கே போனது. முடிவு 24-21, பேட்ரியாட்ஸ் வெற்றி. அந்தப் பந்தை மார்ட்டியா கீழே போட்டார்?

“ரொம்ப பயந்து பயந்து ஆடவைப்பார்” என்பீர்கள். அதே ஆட்டத்தில் 11 யார்டு தேவைப்பட்ட நாலாவது டவுனில் மூன்று புள்ளிக்கு உதைக்கும் ஃபீல்டு கோலை அடிக்காமல் துணிந்து போனார். அதற்கும் திட்டினீர்கள். சரி, என்னதான் செய்யச் சொல்கிறீர்கள்?

“அடுத்த வருடம் அவர் இடத்துக்கு வந்த நார்வ் டர்னர், இறுதிப்போட்டிக்கு ஒரு படி முன்னான ஏ.எஃப்.சி. இறுதி வரை போனாரே?” போனார். யார் கட்டிவைத்த அணியோடு? அவ்வளவுதான் அதற்குப் பதில்.

அந்த சீசன் லீக்கில் 14-2 எடுத்த கோச்சை 2007 பிப்ரவரியில் வேலையை விட்டுத் தூக்கினார்கள். அணியின் ஜெனரல் மேனேஜருக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லையாம். இதைப் படிக்கும்போது எனக்கு என் பழைய டீம் லீட் ஞாபகம்தான் வரும். வருடம் முழுக்க எல்லா வேலையும் ஒழுங்காக முடித்துக் கொடுத்தவர். ஒரே ஒரு ராத்திரி சர்வர் படுத்தது. மறுவாரம் அவர் நாற்காலியில் வேறு ஆள். வழியனுப்ப ஒரு டீ கூடக் கிடையாது. மீட்டிங்கில் அவர் பெயரைச் சொன்னவனையும் ஒரு மாதிரி பார்த்தார்கள். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். பில் கவர், டோனி டங்கி, மைக் மெக்கார்த்தி, புரூஸ் ஏரியன்ஸ்: நாலு பேரும் மார்ட்டியிடம் உதவி கோச்சாக இருந்தவர்கள், நாலு பேரும் தலைமை கோச்சாக என்.எஃப்.எல். இறுதிப்போட்டியான சூப்பர் பவுல் ஜெயித்தவர்கள். டங்கி கோப்பையைத் தூக்கிய எட்டாம் நாள் மார்ட்டிக்கு வேலை போனது. 2021இல் ஏரியன்ஸ் ஜெயித்த மறுநாள் மார்ட்டி இறந்தார், அல்சைமரோடு பல வருடம் போராடி. இதையெல்லாம் சொதப்பல் கணக்கில் எங்கே எழுதுவீர்கள்?

“ஜாலிக்குப் போட்டேன் ப்ரோ” என்று இன்பாக்ஸில் செய்தி வந்திருக்கிறது. நல்லது. 14-2 எடுத்தவரை விரட்டிய முதலாளிகளை வைத்தும் ஜாலியாக ஒரு பட்டியல் போடுங்கள். முதல் லைக் என்னுடையது.