லாம்டாவை ஏன் தூக்கிப் போடுகிறோம்?

இன்ஜினியரிங் முதல் செமஸ்டரில் எம்-1 என்ற கணக்குப் பேப்பரை எழுதிய யாரிடம் வேண்டுமானாலும், அதில் வரும் பல மாறி கால்குலஸிலிருந்து ஒரு கணக்கைக் கேட்டுப் பாருங்கள். மேலே மூடி இல்லாத செவ்வகப் பெட்டி, கொள்ளளவு 32 கன செ.மீ., தகடு குறைவாகச் செலவாக வேண்டும், அளவுகள் என்ன? கேள்வியை முடிப்பதற்குள் "4, 4, 2" என்று பதில் வரும். படிப்பு முடிந்து பல வருடம் ஆகி, ஐ.டி. கம்பெனியில் மேனேஜராக இருப்பவர்கூடச் சொல்வார். அவ்வளவு மனப்பாடம்.

சரி, லாம்டா எவ்வளவு வந்தது என்று கேளுங்கள். முழிப்பார்கள்.

ஒரு நிபந்தனைக்கு உட்பட்டு (இங்கே கொள்ளளவு 32) மிகக் குறைந்த அல்லது மிக அதிக மதிப்பைக் கண்டுபிடிப்பதுதான் லக்ராஞ்ச் முறை. அதில் அந்த நிபந்தனையைப் பெருக்குகிற எண்ணாக லாம்டாவை நாமே கொண்டுவருகிறோம், மூன்று சமன்பாடு எழுதுகிறோம், அப்புறம் ஒன்றை ஒன்றால் வகுத்து அதை ஒழித்துக்கட்டுகிறோம். விடைக்கு அது தேவையில்லை என்பதால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்தக் கணக்கில் போட்டுப் பார்த்தால் லாம்டா -1 வரும். குறியை விடுங்கள், அது சமன்பாட்டை எழுதும் விதத்தைப் பொறுத்தது. அந்த 1 சொல்வது இதைத்தான்: பெட்டியின் கொள்ளளவை 1 கன செ.மீ. கூட்டினால், கிட்டத்தட்ட 1 சதுர செ.மீ. தகடு கூடுதலாக வேண்டும். 32-க்கு 48 சதுர செ.மீ. தகடு. 33-க்குத் தனியாகக் கணக்குப் போட்டால் சுமார் 48.995. பொருளாதாரம் படிப்பவர்கள் இதையே நிழல் விலை என்கிறார்கள். கம்பெனி நடத்துகிறவனுக்கு 4, 4, 2-ஐவிட இந்த 1 முக்கியம். நாம் அதைத்தான் பென்சிலால் அடித்துவிட்டுப் போகிறோம்.

ஒன்றுக்கு மேற்பட்ட மாறிகள் வரும் இந்தப் பல மாறி கால்குலஸ் கஷ்டமான பேப்பர் என்று சொல்லும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது இதுதான். பாடம் அவ்வளவு கஷ்டமில்லை. அர்த்தம் இருக்கிற இடத்தையெல்லாம் தாண்டி ஓடினால் எதுவும் கஷ்டமாகத்தான் இருக்கும்.

டபுள் இன்டெகிரலை எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ் 0 முதல் 1 வரை, ஒய் எக்ஸிலிருந்து 1 வரை, உள்ளே ஈ-யின் அடுக்கில் ஒய் ஸ்கொயர். கொடுத்தபடியே முதலில் ஒய்-க்கு இன்டெகிரேட் செய்யப் போனால் அங்கேயே நிற்க வேண்டியதுதான். நமக்குத் தெரிந்த சார்புகளை வைத்து அதற்கு விடை எழுதவே முடியாது. படம் வரைந்து பாருங்கள், ஒரு முக்கோணம். வெர்டிகல் ஸ்ட்ரிப்பை விட்டுவிட்டு ஹரிசான்டல் ஸ்ட்ரிப் எடுத்தால் எக்ஸ் 0 முதல் ஒய் வரை போகும். முதல் இன்டெகிரலில் ஒரு ஒய் வெளியே வந்து விழும், இரண்டே வரியில் (ஈ - 1)/2. இதில் இன்டெகிரேட் செய்வது பிளஸ் டூ வேலை. முக்கோணத்தைப் பார்ப்பதுதான் காலேஜ் வேலை. என் வகுப்பில் போர்டில் படம் வந்ததே அபூர்வம். லிமிட்டை இப்படி மாற்று, அடுத்த கணக்கு. செமஸ்டருக்கு முந்தைய வாரம் 'முக்கியக் கேள்விகள்' பி.டி.எஃப். வரும், எல்லாரும் அதோடு உட்கார்ந்துவிடுவோம்.

இன்னொரு லிமிட்டும் உண்டு, ஒரு புள்ளியை நெருங்கும்போது சார்பு எந்த மதிப்பை நெருங்குகிறது என்பது. அதைப் பற்றி ஒரே ஒரு விஷயம். ஒரு மாறி என்றால் ஒரு புள்ளிக்கு இடமிருந்து வரலாம், வலமிருந்து வரலாம், அவ்வளவுதான். இரண்டு மாறி வந்ததும் வழிகளுக்குக் கணக்கே இல்லை. எக்ஸ் ஸ்கொயர் ஒய்-யை, எக்ஸின் நான்காம் அடுக்கும் ஒய் ஸ்கொயரும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுத்துப் பாருங்கள். எந்த நேர்கோட்டில் ஆதிப்புள்ளிக்கு வந்தாலும் 0. எக்ஸ் ஸ்கொயர் சமம் ஒய் என்ற பரவளையத்தில் வந்தால் 1/2. வழிக்கு வழி விடை மாறுவதால் அங்கே லிமிட்டே கிடையாது. முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

கேள்வித்தாள் மீது எனக்குக் கோபமில்லை. ஒரு பரப்பின் மேல் போடும் இன்டெகிரலை அதன் விளிம்பில் போடும் இன்டெகிரலோடு இணைக்கும் ஸ்டோக்ஸ் தேற்றமே இயற்பியலாளர் கெல்வின் 1850-ல் ஸ்டோக்ஸுக்கு எழுதிய கடிதத்தில் இருந்தது. பிறகு 1854-ல் கேம்பிரிட்ஜ் ஸ்மித் பரிசுத் தேர்வில் ஸ்டோக்ஸ் அதைக் கேள்வியாகவே கொடுத்தார். அந்தத் தேர்வை எழுதியவர்களில் ஒருவர் மேக்ஸ்வெல். மின்காந்தவியலுக்கு அந்தத் தேற்றம் எவ்வளவு தேவைப்பட்டது என்பது தெரிந்த கதை. ஒரு கேள்வி அவ்வளவு செய்ய முடியும். லாம்டாவின் பொருள் என்ன என்று இரண்டு மதிப்பெண்ணுக்குக் கேட்டாலே நம் வகுப்பறைகள் மாறும்.

இந்த வருடம் சேரப்போகிற தம்பி தங்கைகளுக்கு, குறிப்பாகத் தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்கு: பிளஸ் டூ புத்தகத்தின் இரண்டாம் தொகுதியில் பகுதி வகைக்கெழுக்கள் (மற்ற மாறிகளை அசையாமல் வைத்து ஒரு மாறிக்கு மட்டும் வகையிடுவது) வரும் பாடத்தை எடுத்து ஒருமுறை பாருங்கள். ஆய்லர் தேற்றம்வரை அதில் இருக்கிறது. பல பள்ளிகளில் அதை ஓட்டமாக முடித்திருப்பார்கள், பரவாயில்லை. அப்புறம் எம்.ஐ.டி.யில் டெனிஸ் ஓரூ 2007-ல் நடத்திய வகுப்புகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவர் பிரெஞ்சுக்காரர், சாக்பீஸும் கரும்பலகையும்தான், படம் வரையாமல் நகரமாட்டார். ஆங்கிலம் புரியவில்லை என்றால் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் படங்களை மட்டும் நோட்டில் வரைந்துகொண்டே போங்கள். முதல் நான்கைந்து வகுப்பு வெக்டரும் மேட்ரிக்ஸும்தான். பொறுமை இல்லாதவர்கள் நேராகப் பகுதி வகைக்கெழுவுக்குப் போகலாம்.