அந்த மெஷினுக்கு டைம் வெச்சது யாரு?

கேட் வீடியோவை எல்லாரும் பாத்துட்டீங்க, திரும்பக் கதை சொல்லல. கம்பெனி கேட்ல வருகை பதியற மெஷின்ல 8:01. பையன் கையில இருக்கற போன்ல 7:58. ரெண்டும் ஒரே ஃப்ரேம்ல தெரியுது. எட்டு மணி ஷிப்டுக்கு லேட்டுன்னு அந்தப் பையனுக்கு அரை நாள் சம்பளம் கட்.

எனக்கு எரிஞ்சது சூப்பர்வைசர் பேச்சு இல்ல. வீடியோவுக்குக் கீழ கமெண்ட்ல நம்ம நண்பர் ஒருத்தர், நல்லாப் படிச்சவர், "டைம்ங்கறது சயின்ஸ், அதுல சென்டிமென்ட் பாக்கக் கூடாது"ன்னு எழுதியிருக்காரு. அதுக்கு லைக் வேற.

சரிங்க, சயின்ஸே பேசுவோம். ஒரு செகண்டுக்கு முதல்ல பூமி தன்னைத்தானே சுத்தறதைக் கணக்கு வெச்சாங்க. அப்புறம் சூரியனைச் சுத்தறதை. 1967-லேர்ந்து சீசியம்-133 அணு. அதோட குறிப்பிட்ட கதிர்வீச்சு 919,26,31,770 தடவை அதிர்ந்தா ஒரு செகண்ட். இவ்ளோ துல்லியமா கடிகாரம் வெச்சிருக்கறவங்க அதை அப்படியே நம்பறாங்களா? மாட்டாங்க. உலகம் முழுக்க 400-க்கும் மேல அணுக் கடிகாரங்களோட கணக்கு பாரிஸ் பக்கத்துல ஒரு அலுவலகத்துக்குப் போகுது. அங்க ஒண்ணாச் சேத்துக் கணக்குப் போட்டு, "உன்னுது இத்தனை நானோசெகண்ட் தள்ளியிருந்துச்சு"ன்னு மாசாமாசம் ஊரறிய வெளியிடறாங்க. இந்திய நேரத்தைக் காக்கற டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் பேரும் அந்தப் பட்டியல்ல உண்டு. யாரும் கௌரவக் குறைச்சலா நினைக்கல.

கேட்ல ஆணியடிச்சு மாட்டின அந்த டப்பாவை எதோட ஒப்பிட்டீங்க? எப்ப? இதைத்தான் கேக்கறேன். இது மட்டும்தான் கேக்கறேன்.

"அது நெட்ல தானா டைம் எடுத்துக்கும் ப்ரோ"ன்னு ஒரு ஐடி தம்பி. எடுத்துக்கும், நெட் இருந்தா, அந்த செட்டிங்கை யாராவது போட்டிருந்தா. இல்லன்னா உள்ள இருக்கற குவார்ட்ஸ் கடிகாரம்தான் கதி. ஒரு நாளைக்கு ஒரு செகண்ட் நழுவினாலே, ஆறு மாசம் யாரும் தொடலன்னா 3 நிமிஷம் போச்சு. எத்தனை நிமிஷம் வித்தியாசம் வீடியோல? போன் டவர்ல டைம் வாங்குது. சயின்ஸ் பக்கம் நின்னது பையன்தாங்க.

இன்னொண்ணு. 1802-ல வானியலாளர் கோல்டிங்ஹாம் நுங்கம்பாக்கத்துல கணக்குப் போட்ட மெட்ராஸ் நேரம் கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிஷம் 14 செகண்ட் முன்னாடி. 1906-ல வந்த இந்திய நேரம் அஞ்சரை மணி. பையன் போன்ல 7:58 காட்டறப்ப, அந்தப் பழைய கணக்குப்படி மணி எட்டாக இன்னும் பத்து நிமிஷம் இருந்துச்சு! (இதை எடுத்துக்கிட்டு கேட்ல வாதாடாதீங்க, சும்மா வயித்தெரிச்சல்ல சொல்றேன்.)

பூமியே லேட்டுங்க. அது மெதுவாச் சுத்துதுன்னு 1972-லேர்ந்து 2016-க்குள்ள 27 தடவை ஒவ்வொரு செகண்ட் கூடுதலாச் சேத்து, உலகமே நின்னு காத்திருந்துச்சு. யாரும் அரை நாள் பிடிக்கல.

"டிசிப்ளின் வேணாமா?" வேணும். அடுத்து.

"லேட்டா வர்றவனுக்கு வக்காலத்தா?" அவன் லேட்டே இல்லைங்கறேன், காதுல விழுதா?

எங்கப்பா மில்லு ஆளு. சங்கு ஊதினா வீட்டுக் கடிகார முள்ளை அதுக்குத் திருப்பி வைப்பாரு. ஒரு நாள் கேட் சாத்திட்டாங்கன்னு திரும்பி வந்து, "நான்தான் லேட்டு"ன்னு அம்மாகிட்ட சொல்லிட்டு உக்காந்தாரு. சங்கு சரியா ஊதுச்சான்னு பாக்க அவருகிட்ட வேற கடிகாரம் ஏது? மில்லுதான் மணி, மில்லுதான் கேட், மில்லுதான் சம்பளம். இந்தப் பையன்கிட்ட போன் இருக்கு. அதைக் காட்டினதுக்கு "எதுத்துப் பேசறியா"ன்னு கேக்கறாங்க.

அப்புறம் அந்த இன்னொரு கமெண்ட். "அந்தப் பக்கத்து ஆளுங்களே அப்படித்தான்." எந்தப் பக்கம்ணே? எண்ணூர் ரோட்டுல கண்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவுல சைக்கிள தள்ளிக்கிட்டு, எட்டு மணி ஷிப்டுக்கு ஆறரைக்கே கிளம்பற பக்கமா? உங்க ஆபீஸ்ல பத்து நிமிஷம் தள்ளி வந்தா டிராஃபிக், நாங்க வந்தா புத்தியா?

கமெண்ட் போட வர்றவங்க, முதல்ல உங்க ஆபீஸ் மெஷின் பக்கத்துல போனை வெச்சு ஒரு போட்டோ போடுங்க. அப்புறம் பேசலாம்.