மூக்கைப் பெரிதாக்குவது என் வேலை இல்லை

சனிக்கிழமை மேடை நிகழ்ச்சியின் வீடியோவைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் செய்தி அனுப்பியிருந்தீர்கள். "ரொம்ப ஸ்போர்ட்டிவா எடுத்துக்கிட்டீங்க சார்" என்று எழுதியவர்கள்தான் அதிகம். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. கையில் மைக் இருந்தது, எதிரே ஒரு கூட்டமே உட்கார்ந்திருந்தது, அதனால் சிரித்தேன். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

நடந்ததை மறுபடி விவரிக்கப் போவதில்லை, எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். சிறப்பு விருந்தினரை நான் மூன்று நாள் உட்கார்ந்து வரைந்த கேரிகேச்சருக்குப் பக்கத்தில், அதே முகத்தை வைத்து ஓர் ஆப் மூன்று நொடியில் செய்ததைத் திரையில் போட்டு, எதற்குக் கைதட்டல் அதிகம் என்று கேட்டார்கள். ஆப் போட்டதற்குத்தான் அதிகம். அதைக்கூட விட்டுவிடுகிறேன். என்னால் விட முடியாதது, தொகுப்பாளர் தம்பி என்னை அறிமுகப்படுத்திய வரி: "எல்லாரோட மூக்கையும் பெரிசாக்கி நம்மளச் சிரிக்க வைக்கிறவர்."

22 வருடமாக நகைச்சுவைப் பத்திரிகைகளுக்கு முகம் வரைகிறேன். மூக்கைப் பெரிதாக்குவது என் வேலை இல்லை.

முகத்தை மிகைப்படுத்தி வரைகிற படத்துக்கான கேரிகேச்சர் என்ற சொல், பாரம் ஏற்றுவதைக் குறிக்கும் ஓர் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. எங்கே ஏற்றுவது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஒருவருக்கு மூக்கு நீளமாக இருக்கும். ஆனால் அவரை அவராகக் காட்டுவது புருவத்துக்கும் கண்ணுக்கும் நடுவே இருக்கிற சின்ன இடைவெளியாக இருக்கும். மூக்கில் ஏற்றினால் யாரோ ஒரு நீள மூக்குக்காரர் கிடைப்பார். இவர் கிடைக்க மாட்டார்.

ஒருமுறை ஓர் அரசியல்வாதியின் முகம் எனக்குப் பிடிபடவே இல்லை. நாற்பது போட்டோக்களை மேசையில் பரப்பி வைத்திருந்தேன். கட்டைவிரல் அளவில் சின்னச் சின்னதாகப் போட்டுப் போட்டுக் கிழித்தேன். காலையில் அச்சுக்குப் போக வேண்டும், உதவி ஆசிரியர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். கடைசியில் போட்டோக்களை ஒதுக்கிவிட்டு, அவருடைய பேட்டி ஒன்றைச் சத்தம் இல்லாமல் ஓடவிட்டுப் பார்த்தேன். சங்கடமான கேள்வி வந்தால், பதில் சொல்வதற்கு முன்னால் அரை நொடி மேலுதட்டை உள்ளே இழுத்துப் பல்லுக்கடியில் வைத்துக்கொள்கிறார். அவ்வளவுதான். அந்த உதட்டைப் போட்டதும் காது, தாடை, கண்ணாடி எல்லாம் தானாக வந்து உட்கார்ந்துகொண்டன. இங்க் போட இருபது நிமிடம்கூட ஆகவில்லை. நீங்கள் பார்க்கிற அந்த இருபது நிமிடத்துக்குத்தான் "சும்மா கிறுக்கினாப் போதும் சார்" என்கிறீர்கள்.

ஓவியர் கோபுலுவின் வலது கை பக்கவாதத்தில் முடங்கியபோது, அவர் இடது கையால் வரையப் பழகிக்கொண்டார். அது எப்படி முடிந்தது? வித்தை கையில் மட்டும் இருந்திருந்தால் அன்றோடு போயிருக்கும். அத்தனை வருடம் மனிதர்களைப் பார்த்த கண் அவரிடம் அப்படியே இருந்தது.

"காலம் மாறுது, நீங்களும் மாறணும்" என்று எழுதப் போகிறவர்களுக்கு: நான் டேப்லெட்டில் வரைய ஆரம்பித்து எத்தனையோ வருடம் ஆயிற்று. கருவிமேல் எனக்குக் கோபம் இல்லை.

"மெஷினால முடியாதுன்னு எப்படிச் சொல்றீங்க?" என்றும் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். கணினியைக் கொண்டு கேரிகேச்சர் போடும் முயற்சி 1980களிலேயே தொடங்கிவிட்டது. ஒரு முகத்தைச் சராசரி முகத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசம் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் கூட்டுவார்கள். 1987இல் வெளியான ஓர் ஆய்வில், தெரிந்தவர்களின் முகத்தை உள்ளபடி போட்ட கோட்டுப் படத்தைவிட, இப்படி மிகைப்படுத்திய படத்தைப் பார்த்தவர்கள் சீக்கிரம் கண்டுபிடித்தார்கள். ஆக, அளவெடுத்துக் கூட்டலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மேலுதடு எந்த அளவில் அகப்படும்? அது அவர் முகத்தில் எப்போதும் இருப்பதே இல்லையே.

ஒரு படத்தோடு முடிகிற வேலையும் இல்லை இது. நகைச்சுவைப் பத்திரிகையில் ஐந்து பக்கப் பகடி என்றால், ஒரே முகம் முப்பது கட்டத்தில் வரும். பக்கவாட்டில், கீழிருந்து, அழுதுகொண்டு, முதுகைக் காட்டிக்கொண்டு. முதுகைக் காட்டினாலும் அவர்தான் என்று தெரிய வேண்டும். ஓவியர் மார்ட் டிரக்கர் 1956இல் 'மேட்' என்ற அமெரிக்க நகைச்சுவை இதழுக்கு வந்து, ஐம்பது வருடத்துக்கும் மேல் இதைச் செய்தார். நான் பிடரியை வரைவதற்காக மட்டும் பொதுக்கூட்டத்தில் மேடைக்குப் பின்னால் நின்றிருக்கிறேன்.

அடுத்து உருவக்கேலி. கமெண்டில் நான்கு பேர் அந்த வார்த்தையை எழுதிவிட்டார்கள். இதற்கு நான் சட்டென்று பதில் சொல்ல முடியாது. காரணம் இருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். ஒரு பெரியவரை வரைந்தேன். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. நல்ல அடையாளம் கிடைத்துவிட்டது என்று அதை இன்னும் கோணலாக இழுத்தேன். அலுவலகத்தில் எல்லோரும் சிரித்தார்கள். பத்து நாள் கழித்து அவருடைய மகள் எழுதிய கடிதம் வந்தது. அப்பாவுக்குப் போன மாதம் முகவாதம் வந்தது, அந்தப் போட்டோ அப்போது எடுத்தது, இப்போது சரியாகிக்கொண்டு வருகிறது, ஆனால் உங்கள் படத்தைப் பார்த்த பிறகு அப்பா வெளியே போக மறுக்கிறார். திட்டு ஒன்றும் இல்லை. கோடு போட்ட தாளில் குண்டு குண்டாக எழுதிய ஆறு வரி. அதை இன்னும் வைத்திருக்கிறேன்.

அன்றைக்கு நான் செய்ததுதான் மூக்கைப் பெரிதாக்குவது. அவரைப் பார்க்காமல், போட்டோவில் கோணலாக இருந்ததை இழுத்துவிட்டேன். சனிக்கிழமை திரையில் அந்த ஆப் போட்ட படத்தைப் பார்த்தபோது எனக்கு அந்தக் கடிதம்தான் ஞாபகம் வந்தது. சிறப்பு விருந்தினரின் பல்லைத்தானே அது இழுத்திருந்தது? அவர் சிரித்ததும் கையால் வாயை மூடிக்கொண்டதை வீடியோவில் யாராவது கவனித்தீர்களா? என் படத்தில் பல்லே இல்லை. எதிரே இருப்பவர் பேசும்போது அவர் தலையைச் சாய்த்துக் கேட்கிற விதத்தைத்தான் வரைந்திருந்தேன்.

இது வெறும் கிண்டல் வேலை என்றால் அதிகாரத்துக்கு ஏன் கோபம் வந்தது? பிரெஞ்சு மன்னர் லூயி ஃபிலிப்பின் முகம் படிப்படியாகப் பேரிக்காயாக மாறுவதை நான்கு படமாக வரைந்து, 1831இல் நீதிமன்றத்தில் அதையே தன் வாதமாக வைத்தார் பத்திரிகை ஆசிரியர் ஃபிலிப்போன். தண்டனை கிடைத்தது. அதே மன்னரை வரைந்ததற்காக ஓவியர் தோமியே ஆறு மாதம் சிறையில் இருந்தார். 1987இல் ஆனந்த விகடன் அட்டையில் வந்த ஒரு ஜோக்குக்காக, அதன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் 3 மாதச் சிறைத்தண்டனை விதித்தது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு சில நாளில் விடுவித்தார்கள். இப்படி ஒரு வரிசைக்குப் பின்னால் வருகிறவனைத்தான் மூக்கைப் பெரிசாக்குகிறவன் என்கிறீர்கள். என்னைச் சொன்னால்கூடப் பரவாயில்லை என்று எழுத நினைத்தேன். இல்லை, என்னைச் சொன்னதும் வலிக்கத்தான் செய்தது.

"பொறாமை" என்பவர்களுக்குப் பதில் இல்லை. சன்மானம் பற்றியும், பெயர் போடாமல் படம் போடுவது பற்றியும் கேட்காதீர்கள். எழுத ஆரம்பித்தால் விடிந்துவிடும்.

நிகழ்ச்சி முடிந்ததும் அந்தத் தம்பி வந்து, "சார், என்னையும் ஒண்ணு வரைஞ்சு குடுங்க, அஞ்சே நிமிஷம்" என்றார். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஆனால் வீடியோவை இதுவரை ஏழு முறை பார்த்திருக்கிறேன், அவருக்காகத்தான். ஒவ்வொரு ஜோக்கும் சொன்னதும், தான் சிரிப்பதற்கு முன்னால், முன்வரிசை சிரிக்கிறதா என்று இடது பக்கமாக ஒரு பார்வை பார்க்கிறார். பயந்த பார்வை. முதல் நாள் பள்ளிக்கூடம் போகிற பையன் வகுப்பு வாசலில் நின்று பார்ப்பானே, அந்த மாதிரி. அதைக் கண்டதும் கோபம் பாதி இறங்கிவிட்டது.

பென்சிலில் போட்டு வைத்திருக்கிறேன். கண் வந்துவிட்டது. இடது புருவம் இன்னும் சரியாக வரவில்லை.